ஷைனியோடு போன வெள்ளைப் போர்வை

மக்கா,

நீ போன் செய்யும்போதெல்லாம் ஷைனியின் அந்த வெள்ளைப் போர்வை கிடைத்ததா என்று கேட்கிறாய். தேடிப் பார்க்கிறேன் என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நான் தேடவில்லை. அது எங்கே இருக்கிறதென்று முதல் நாளிலிருந்தே எனக்குத் தெரியும். நம் குளத்தூர் ஆலயக் கல்லறைத் தோட்டத்தில், உன் அப்பாவுக்குப் பக்கத்துக் குழியில், உன் தங்கையின் மேல் கிடக்கிறது. இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாயைத் திறந்தால் அழுகைதான் வரும், நீயும் அங்கே அழுவாய், பிறகு லைன் கட்டாகிவிடும். அதனால் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருக்கும். பார்த்து வாசித்துக்கொள்.

போன வாரம் நீ இன்னொன்றும் கேட்டாய். "கிடைக்கல்லேன்னா விடு அம்மா. நீயே அதுபோல ஒண்ணு தைச்சுத் தா. வெள்ளைத் துணி, ஒரு நீலக் கோடு, அவ்வளவுதானே. உனக்க கைக்கு இது ஒரு சோலியா? ஆருக்குத் தெரியப்போவுது?" என்றாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஷைனி தைத்ததை எல்லாம் கொச்சியில் சுவரில் மாட்டிக் கண்காட்சி வைக்கப்போகிற அந்தப் பெண், போனில் படமாகப் பார்த்த வெள்ளைப் போர்வைதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறாள். அது இல்லாவிட்டால் தங்கையின் பேர் பாதியாகத்தான் நிற்கும் என்று நீ பயப்படுகிறாய். எனக்குப் புரியாமல் இல்லை. அடக்கத்துக்கு வர முடியாமல் போனவன், அவளுக்காக இதையாவது செய்துவிட வேண்டும் என்று நினைக்கிறாய். நான் தைத்துத் தருவேனா மாட்டேனா என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உனக்குத் தெரியாதது சிலது உண்டு. அதை வாசி. வேறு யார் வாசித்தாலும் எனக்கு வெட்கமில்லை.

என் தொழில் உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் அம்மா தையல்காரி என்று மட்டும் சொல்லுவாய், என்ன தைக்கிறாள் என்று சொல்லமாட்டாய். அதில் எனக்கு வருத்தமில்லை. பாறசாலையில் சவப்பெட்டிக் கடையில் அப்பா பலகை அறுத்துப் பெட்டி அடிப்பார். பெட்டிக்கு உள்ளே வைக்கிற துணியை நான் வீட்டில் இருந்து தைத்துக் கொடுப்பேன். அடியில் கட்டியான பருத்திக் காடாத் துணி, அதற்கு மேல் வெள்ளைச் சாட்டின், சுற்றிலும் சுருக்கு வைத்து லேஸ், தலைக்கு ஒரு சின்னத் தலையணை, தலையணையைச் சுற்றியும் லேஸ். வசதி உள்ள வீட்டுக்குச் சுருக்கு நெருக்கமாக இருக்கும். இல்லாத வீட்டுக்கும் நான் நெருக்கமாகத்தான் வைப்பேன். முடித்ததும் உள்ளங்கையால் துணி முழுக்க ஒருமுறை தடவிப் பார்ப்பேன், ஊசியோ குண்டூசியோ தங்கிவிடக் கூடாது என்று. "செத்தவனுக்குக் குத்தினா அவன் கத்தவா போறான்?" என்று அப்பா கேலி செய்வார். "கத்தமாட்டான். அதுக்காக்கும் நான் பாக்கது" என்பேன்.

அப்பா நெஞ்சுவலியில் போனபோது நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய், ஷைனி சின்னப் பெண். அவருடைய பெட்டிக்கும் நானே தைத்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை. கண்ணீரில் எனக்கு ஊசிக் காது தெரியவில்லை, நீ பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோர்த்துக் கோர்த்துத் தந்தாய். வீட்டில் இருந்த லேஸ் முழுவதும் அந்தப் பெட்டிக்குள் போனது. ஊரே மெச்சியது. இதுபோல ஒரு பெட்டி இந்தப் பக்கத்தில் இறங்கியதில்லை என்றார்கள். பல வருஷம் கழித்து, தோசைக்கு மாவு கலக்கிக்கொண்டே ஷைனி ஒரு பேச்சுக்குச் சொன்னாள்: "அம்மா, அண்ணைக்கு நான் அப்பாவுக்க பெட்டிக்குள்ள எட்டிப் பாத்தேன். அப்பாவைக் காணல்ல. லேஸை ஆக்கும் கண்டேன்." குற்றமாகச் சொல்லவில்லை. உண்மையில் அன்று அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்கும் நினைவில்லை. இடது பக்கம் ஓர் இடத்தில் சுருக்கு சரியாக விழவில்லை, அதுதான் நினைவிருக்கிறது.

அவள் போர்வை தைக்கத் தொடங்கியது உனக்குத் தெரியும். அது எப்படிக் குறைந்துகொண்டே வந்தது என்று தெரியாது, நீ அப்போது மஸ்கட் போய்விட்டாய். நெய்யாற்றின்கரையில் துணிக்கடை வேலைக்குப் போய்விட்டு வந்து, எங்கெங்கோ இருக்கிறவர்கள் தைத்ததைப் போனில் பார்ப்பாள். மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்துக் கையால் தைத்துப் பிடிக்க வேண்டும், இதற்குக் குவில்ட் என்று பேர், போர்த்திக்கொள்ள மட்டுமல்ல, படம் மாதிரிச் சுவரில் மாட்டவும் செய்வார்கள் என்றாள். முதலில் தைத்ததில் நிறம் நிறமாக ஒட்டு. என் கிழிந்த சேலை, உன் பழைய சட்டை எல்லாம் அதில் இருந்தது. எனக்கு அது பிடித்தது. வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்து விரித்துக் காட்டினேன். அடுத்ததில் ஒட்டு பாதியாகக் குறைந்தது. அதற்கடுத்ததில் நடுவில் ஒரு பட்டை மட்டும். கடைசியில் வெள்ளைக்கு வந்து நின்றாள். அதற்கும் அவள் எடுத்தது சாட்டினை அல்ல, சாட்டினுக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிற காடாத் துணியின் மிச்சத்தை. பெட்டித் துணி வீட்டில் போர்வையாக வேண்டாம், நல்லதல்ல என்று தடுத்தேன். "துணி தானே அம்மா. செத்தவியளுக்கு நல்லதுன்னா உயிரோட உள்ளவியளுக்கும் கொள்ளாம்" என்றாள்.

எனக்கும் அவளுக்கும் அதை வைத்துத் தினமும் வாக்குவாதம்தான். "எட்டி பிள்ளே, இத்தனை தள்ளித் தள்ளித் தைச்சா பஞ்சு உருண்டு ஒரு மூலைக்குப் போயிரும். ஒரு அலக்குக்குத் தாங்காது, தண்ணியில போட்டுத் துவைச்சா தீந்துது."

"இதை ஆரு அலக்கப்போறா?"

"பின்னே எதுக்காக்கும் இது?"

"பாக்கதுக்கு."

"என்னத்தைப் பாக்க? ஒண்ணும் இல்லியே."

"நீ ஒரு இடத்துல இருந்து பாத்தாதானே அம்மா. நின்னுட்டே பாத்தா எப்பிடித் தெரியும்? இரு, இருந்து பாரு."

உட்கார்ந்து பார்த்தேன். துணிதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் போனபின், நெசவில் ஓர் இழை மட்டும் மங்கின மஞ்சளாக ஓரத்திலிருந்து ஓரம் வரை ஓடுவது தெரிந்தது. இத்தனை வருஷம் காடாவை வெட்டியிருக்கிறேன், அப்படி ஓர் இழையைக் கண்டதில்லை. அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அடுப்பில் மீன்குழம்பு அடிபிடிக்கிற மணம் வந்தது, எழுந்து போய்விட்டேன்.

ஒரு வருஷம் ஆலயத்தில் அறுப்பின் பண்டிகைக் காணிக்கை ஏலத்துக்கு அவள் ஒரு வெள்ளைக் குவில்ட் கொடுத்தாள். ஒரு மூலையில் மட்டும் தீப்பெட்டி அளவுக்குச் சிவப்புத் துணி. அதற்கு முன்னால் ஏலம் போனது ஒரு பலாப்பழமும் ஒரு சேவலும். ஏலம் விடுகிறவர் இதை விரித்துப் பிடித்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்க வீட்டுல நூலு தீந்து போச்சோ?" என்று கேட்டார். பின்னால் இருந்து யாரோ, "எலே, இது ஆருக்க பெட்டிக்கு உள்ளதாக்கும்?" என்றார்கள். ஆலய முற்றம் முழுவதும் சிரித்தது. யாரும் விலை கேட்கவில்லை. நானே கையைத் தூக்கி எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு நடந்து வரும்போது ஷைனி, "நல்ல ஆளாக்கும் நீ. அந்தச் சேவலை எடுத்திருந்தா ஒரு குழம்பாவது வச்சிருக்கலாம்" என்றாள். அந்தக் குவில்ட்தான் இப்போது என் கட்டிலில் கிடக்கிறது. அதற்கு மேல் நீ அனுப்பிய புலி படம் போட்ட கம்பிளி. அதைப் பிரித்த அன்றும் சிரித்தாள்: "அம்மா, அண்ணன் நமக்குக் காவலுக்குப் புலி அனுப்பியிருக்கான். ராத்திரி கதவு சாத்தண்டாம்."

கொச்சிப் பெண் நம் வீட்டுக்கு ஒருமுறை வந்திருக்கிறாள். நல்ல பிள்ளை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து, எல்லாவற்றையும் தரையில் விரித்துப் போட்டு, நின்று நின்று பார்த்தாள். இந்த வெள்ளைத் துணி எங்கே வாங்கியது, நல்ல உயிர் இருக்கிறது என்று மலையாளத்தில் கேட்டாள். நான் பாலராமபுரத்தில் வாங்கியது என்று பொய் சொன்னேன். "இல்ல சேச்சி, சவப்பெட்டிக்குள்ள வைக்கியதாக்கும். அம்மாவுக்க சோலி அது" என்று ஷைனி சொல்லிவிட்டாள். அந்தப் பெண் கையை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. நான்தான் காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

இனி அந்த நீலக் கோடு. போன வேனல் காலத்தில் கள்ளிக்காட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். சாப்பிட்டுவிட்டு அணைப் பக்கம் தண்ணீரைப் பார்க்கப் போனோம். தண்ணீர் நன்றாக இறங்கிக் கிடந்தது. முன்பு தண்ணீர் நின்ற உயரத்தில் கரை நெடுக ஒரு கோடு. கோட்டுக்கு மேலே பச்சை, கீழே வெறும் மண். ஷைனி அங்கேயே நின்றுவிட்டாள். "தண்ணி போயாச்சு. பின்னேயும் இதுவரைக்கும் உண்டாயிருந்துதுன்னு தெரியுது, பாத்தியா?" என்றாள். பஸ் போய்விடும் வா என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அந்த வாரமே பெரிய காடாவை எடுத்தாள். ஓரங்களை மடித்து அடிக்க மட்டும் என்னிடம் தந்தாள். பிறகு கீழ் ஓரத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் நீல நூலால் ஒரே ஒரு கோடு தைக்கத் தொடங்கினாள். அளவுகோல் வைக்கவில்லை, சாக்பீஸால் வரையவில்லை. நாள் கணக்கில் தைத்தாள். கொஞ்சம் தைப்பாள், எழுந்து தூரப் போய் நின்று பார்ப்பாள், மறுபடி வந்து உட்காருவாள். நடுவில் ஓர் இடத்தில் கோடு லேசாக இறங்கிப் போகும். அப்போதுதான் நீ போன் செய்தாய். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தைத்துக்கொண்டே, லீவுக்கு வருவாயா மாட்டாயா என்று உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கோணிவிட்டது, பிரித்துத் தை என்று நான் சொன்னேன். "அண்ணன் விளிச்ச இடமில்லியா அது. கெடக்கட்டு" என்றாள்.

கடைசி நாள் காலையில் கோடு மறு ஓரத்தை எட்ட ஒரு கையகலம் பாக்கி இருந்தது. வேலைக்குப் போகிற அவசரத்திலும் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "முடிஞ்சுதா?" என்று கேட்டேன். "தெரியல்ல அம்மா. இங்க நிறுத்தினாலும் கொள்ளாம்போல இருக்கு. வந்து பாக்கேன்" என்றாள். வைக்க வேறு இடமில்லாமல் அதை மடித்து, கடைக்காக நான் முடித்து அடுக்கியிருந்த பெட்டித் துணிகளின் மேல் வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். அமரவிளைக்குப் பக்கத்தில் பாறை ஏற்றி வந்த டிப்பர். அதற்கு மேல் எனக்கு எழுத வராது. உனக்கும் தெரிந்ததுதான்.

பெட்டியைக் கடைக்காரரே கொண்டுவந்தார். ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துத் தந்த உடம்பு. மெல்லிய சாட்டின் போட்டால் ஊறி வெளியே தெரியும். என்னிடம் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. அடுத்த வீட்டு ஸ்டெல்லா அக்காவைத் தனியே கூப்பிட்டு, சேச்சியிடம் கேட்க வேண்டாம், மேலே போட நல்ல கட்டியாக வெள்ளைத் துணி ஏதாவது வீட்டில் இருக்கிறதா பாருங்கள் என்றாராம். அவள் என் தையல் மேஜைக்குப் போனாள். மேலாக இருந்தது வெள்ளையாக, கட்டியாக, சுத்தமாக மடித்த ஒரு துணி. அதில் பூ இல்லை, ஒட்டு இல்லை. அது ஒருவர் உட்கார்ந்து நாள் கணக்கில் யோசித்துத் தைத்த வேலை என்று யாருக்குத் தோன்றும்? சவப்பெட்டித் துணி தைக்கிற வீட்டில், சவப்பெட்டித் துணிகளுக்கு மேல் இருந்த வெள்ளைத் துணி. எடுத்துக் கொடுத்துவிட்டாள். வேறு எந்த வீட்டிலும் இந்தத் தவறு நடந்திருக்காது மக்கா. நம் வீட்டில்தான் நடக்கும்.

நான் அதை ஆலயத்தில்தான் பார்த்தேன். மூடுவதற்கு முன்னால் முத்தம் கொடுக்க என்னைத் தாங்கிக் கொண்டுபோனார்கள். போர்வையைத் தலைகீழாகப் போட்டிருந்தார்கள். கீழே இருக்க வேண்டிய நீலக் கோடு மேலே வந்து, அவள் கழுத்துக்குக் கீழே, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் நடுவில் கிடந்தது. கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவள்போல இருந்தாள். சுருக்கு இல்லை, லேஸ் இல்லை. எனக்கு என் பிள்ளையின் முகம் தெரிந்தது. நெற்றியில் போட்ட தையல் தெரிந்தது. இடது புருவத்துக்கு மேல் சின்ன வயதில் நீ பம்பரம் எறிந்து உண்டாக்கிய தழும்பு தெரிந்தது. அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று நினைக்காதே. ஆறுதல் ஒன்றும் இல்லை. ஆனால் பார்த்தேன். அப்பாவைப் பார்க்கவில்லை, இவளைப் பார்த்தேன்.

என் கை தானாகத் துணிமேல் போனது. அனுப்புவதற்கு முன்னால் தடவிப் பார்த்துப் பழகின கை. தோள் பக்கம், கோடு நின்றுபோன இடத்தில் ஊசி தட்டுப்பட்டது. நூலோடு அப்படியே குத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஊசியைத் துணியில் விட்டுவிட்டுப் போகாதே என்று அவளை எத்தனை முறை கத்தியிருப்பேன். அதை உருவி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன். நூல் அறுந்து ஒரு துண்டு ஊசியோடு வந்தது. அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "அது அவளுக்க வேலையாக்கும், எடுங்க" என்றால் எடுத்திருப்பார்கள். பிரமை பிடித்துச் சொல்லாமல் விட்டேன் என்று நீ நினைக்கக் கூடாது. தெரிந்துதான் சொல்லவில்லை. எடுத்தால் அடியில் இருந்ததை ஊர் பார்க்கும் என்பது ஒன்று. அவளிடமிருந்து அன்று இன்னும் ஒன்றை எடுக்க என்னால் முடியவில்லை என்பது இன்னொன்று. நாளைக்கு அதைச் சுவரில் மாட்ட ஆள் வருவார்கள் என்று எனக்கு அப்போது தெரிந்திருந்தாலும் எடுத்திருக்கமாட்டேன்.

நீயும் அதைப் பார்த்தாய். கம்பெனியில் ஊருக்கு விடாததால், மஸ்கட்டில் அறையில் இருந்து மொபைலில் பார்த்துக்கொண்டிருந்தாய். "ஒண்ணும் தெரியல்ல, போனைக் கொஞ்சம் கிட்டக் கொண்டு போ, கிட்டக் கொண்டு போ" என்று நீ அழுதது ஆலயம் முழுக்கக் கேட்டது. அந்த வீடியோ உன்னிடம் இருக்கும். மனம் வரும் நாளில் எடுத்துப் பார். வெள்ளையில் நீலமாக ஒரு கோடு தெரியும். அன்று உனக்குத் தெரியாமல் போனதில் குற்றமில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்கே தெரியவில்லை.

இதை எழுதுவதற்கு முன் ஸ்டெல்லா அக்காவிடம் சொன்னேன். அவள் கொல்லையில் சாளை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "எக்கா, அண்ணைக்கு நீ எடுத்துக் குடுத்தது கடைத் துணி இல்ல. ஷைனி தைச்சதாக்கும். கொச்சிக்குப் போவ வேண்டியது" என்றேன். கத்தி அவள் கையிலேயே நின்றது. "எனக்க தெய்வமே! சும்மா வெள்ளைத் துணியாட்டு இருந்துதே. நீ தைச்சதுன்னாக்கும் நான் நினைச்சது. ஒரு சேலையை எடுத்துக் குடுத்திருக்கப்பிடாதா எனக்கு?" என்று மீன் கையோடு நெஞ்சில் அடித்துக்கொண்டாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு மெல்ல, "நல்ல கட்டியா இருந்துது. பிள்ளைக்குக் குளிராது, தணுக்காதுன்னு நினைச்சாக்கும் எடுத்தேன்" என்றாள். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து அழுதோம். பூனை வந்து மீனைத் தூக்கிக்கொண்டு போனதுகூடத் தெரியவில்லை. நீ அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. கேட்டால் நீ என் மகன் இல்லை.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். நீ சொன்னபடி நான் தைத்துப் பார்த்தேன். அதே காடா, அதே பஞ்சு, அவள் மிச்சம் வைத்த அதே நீல நூல்கண்டு. கோடு நேராகப் போனது. வாழ்நாள் முழுக்க நேராகத் தைத்த கை அல்லவா. தூரத்தில் நின்று பார்த்தால் அதுவேதான். நடுவில் அந்த இறக்கம் வேண்டுமே என்று நினைத்து, அந்த இடம் வந்ததும் வேண்டுமென்றே கோட்டை இறக்கினேன். அங்கேதான் என் கை நின்றுவிட்டது. அது நீ போன் செய்த இடம். அவள் உன்னோடு சண்டை போட்ட இடம். எனக்கு யாரும் போன் செய்யவில்லை. செய்ததுபோல நான் நடித்துக்கொண்டிருக்கிறேன். பூவும் ஒட்டுமாக நிறைந்த போர்வையாக இருந்தால் நான் செய்தது அதில் கலந்து மறைந்திருக்கும், தையல் என்னுடையதானாலும் பூவும் ஒட்டும் அவளுடையது என்று மனதை ஏமாற்றியிருப்பேன். இதில் அந்த ஒரு கோட்டைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதுவும் அவளுடையது இல்லை என்றால் அவள் பேரைச் சொல்லி எதை மாட்டுவது? தைத்த கோடு முழுவதையும் பிரித்துவிட்டேன். நான் தைத்துத் தரமாட்டேன் மக்கா. யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டாய். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இந்த வீட்டில் இனி மிச்சம் இருப்பதே நாம் இரண்டு பேர்தானே.

கொச்சிப் பெண்ணிடம் நடந்ததை நடந்தபடி சொல்லு. மற்றதை எல்லாம் தருகிறேன், என் கட்டிலில் கிடப்பதையும் சேர்த்து. அவள் பேரை அதை வைத்து எழுதட்டும். வெள்ளையை எங்கே என்று கேட்டால் குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லறைத் தோட்டத்தில் என்று சொல்லு. அது முடிந்த வேலையா முடியாத வேலையா என்று கேட்டால், தெரியாது என்று சொல்லு. தைத்தவளுக்கே தெரியவில்லை, வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். பஞ்சு உருண்டுவிடும் என்று நான் எவ்வளவு பயந்தேன். இனி அதை யாரும் அலக்கப்போவதில்லை.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவள் போனதிலிருந்து நீ எதையாவது அனுப்பிக்கொண்டே இருக்கிறாய். மிக்சி, பிளாஸ்க், இன்னொரு கம்பிளி. அறையில் கால் வைக்க இடமில்லை. போனிலும் அப்படித்தான், மூச்சு விடாமல் எதையாவது பேசுகிறாய், சாப்பிட்டாயா, மாத்திரை எடுத்தாயா, மழை உண்டா என்று. ஒரு நொடி சும்மா இருந்துவிட்டால் அவள் பேர் வந்துவிடும் என்று பயம் உனக்கு. நான் அப்பாவுக்குச் செய்தது இதுதான். லேஸை வைத்து மூடினேன். அது உள்ளே கிடந்து அப்படியே இருக்கிறது, இன்றைக்கும் தீரவில்லை. நீ அப்படிச் செய்யாதே. பேச ஒன்றும் இல்லை என்றால் பேசாமல் இரு, போனை மட்டும் வைத்துவிடாதே. நீ அங்கே மூச்சு விடுவது கேட்டால் எனக்குப் போதும். நான் இப்போது கடைக்குத் தைக்கிற துணியில் முகத்தைச் சுற்றி லேஸ் வைப்பதில்லை. "சேச்சி, ஆள்காரு பராதி பறயுந்நு" என்கிறார் கடைக்காரர். குறை சொல்பவர்கள் சொல்லட்டும், குனிந்து பார்க்கிறவருக்கு முகம் தெரியட்டும் என்று சொல்லிவிட்டேன். நீயும் பொருள் அனுப்புவதை நிறுத்திவிட்டு ஊருக்கு வா. லீவு தராவிட்டால் எப்போது தருவார்கள் என்று கேட்டு அந்த நாளைச் சொல்லு.

ஸ்டெல்லா அக்காவின் மருமகன் மஸ்கட் திரும்புகிறான். இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலமும் அவனிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். நான் தைத்துப் பிரித்த அந்தப் போர்வைதான். அதில் ஒன்றும் இல்லை. வெளிச்சத்தில் பிடித்தால் என் ஊசி போன ஓட்டைகள் ஒரு வரிசையாகத் தெரியும், காடாவில் அது சீக்கிரம் மூடாது. இதை ஷைனியின் பேரில் எங்கேயும் மாட்டிவிடாதே. இது என் பெட்டிக்கு. இத்தனை வருஷம் தைத்தவள் என்று கடையில் எனக்கு நெருக்கமாகச் சுருக்கு வைத்துத் தர வருவார்கள். வேண்டாம் என்று நீ சொல்ல வேண்டும். இது மட்டும் போதும், இதில் ஒரே ஒரு கோடு. அதை நீ தைக்க வேண்டும். ஆள் வைத்துத் தைக்காதே. நேராக வராது, வர வேண்டாம். என் ஓட்டைகள் வழியாகப் போனாலும் சரி, விலகிப் போனாலும் சரி, பாதியில் நிறுத்தினாலும் சரி. நூல் கோர்க்க உனக்குத் தெரியும்.

துணியில் ஓர் இடத்தில் அவளுடைய ஊசியைக் குத்தி வைத்திருக்கிறேன், அந்த நீல நூல் துண்டோடு. எனக்கென்று அவளிடமிருந்து வந்தது அது ஒன்றுதான். அவசரப்பட்டுப் பிரிக்காதே மக்கா. முதலில் உள்ளங்கையால் மெல்லத் தடவிப் பார்.

அம்மா